மெல்போர்னில் ஒருமுறைதான் கேட்பார்கள்

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். பெருமைக்காகச் சொல்லவில்லை. மெல்போர்னில் அந்தப் படிப்பு ஒரு டிராம் டிக்கெட் எடுக்கக்கூட உதவவில்லை என்று பின்னால் எழுத வேண்டியிருக்கிறது, அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தேன். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவரை இங்கே பையர் என்பார்கள். பையர் கேட்பதை டெய்லர்களுக்குப் புரியும்படியும், டெய்லர்கள் சொல்வதைப் பையருக்குக் கோபம் வராதபடியும் மாற்றிச் சொல்வதுதான் என் வேலை.

கம்பெனி போர்டில் முதலாளி என்று இருப்பது வள்ளியம்மாள் அக்காவின் கணவர் பெயர். அவர் பேங்கையும் சாயப்பட்டறையையும் பழநி பாதயாத்திரையையும் பார்த்துக்கொள்வார். மீதி எல்லாம் அக்கா.

எங்கள் மெல்போர்ன் பையர் பெயர் டேவ். குழந்தைகள் துணிக்கடைகள் வைத்திருப்பவர். நேரில் பார்த்ததில்லை, மெயிலிலும் போனிலும்தான் பழக்கம். முதல் மெயிலிலேயே 'ஆர்வோ'வில் பேசுகிறேன் என்று எழுதியிருந்தார். ஆபீஸ் டிக்‌ஷனரியில் அப்படி ஒரு சொல் இல்லை. அது ஒரு ஊர் என்று நானும், கொரியர் கம்பெனி என்று அக்கவுண்டன்டும் முடிவு செய்தோம். பிறகுதான் தெரிந்தது, ஆஃப்டர்நூன் என்பதை அவர்கள் அந்த அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று. அவருடைய ஆர்வோ எங்களுக்குக் காலை டீ நேரம்.

புரியாத சொல்லால் பெரிய தொந்தரவு வந்ததில்லை. புரிந்த சொல்லால்தான் வந்தது. நீலக் கோடு போட்ட டீ-ஷர்ட் ஒரு கன்டெய்னர் அனுப்பியிருந்தோம். முதல் சலவையிலேயே நீலம் வெள்ளையில் இறங்கிவிட்டது. டேவ் போன் செய்து, "கொஞ்சம் கவலையாக இருக்கிறது" என்றார். நான் அக்காவிடம், "கொஞ்சந்தானாம்க்கா" என்று ஆறுதல் சொன்னேன். மறுவாரம் பார்த்தால், மொத்தச் சரக்கையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அந்த ஊர்க்காரர் கொஞ்சம் கவலை என்றால் கூரை பற்றி எரிகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எங்களுக்கு என்ன பயம் என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாக்காரர்களின் கோடைத் துணியெல்லாம் எங்கள் ஊரில் வெயில் ஏறுவதற்குள் கப்பலேறிவிடும். அதன் பிறகு பல கம்பெனிகளில் மெஷின் மேல் துணியைப் போர்த்திவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் பருவம் தலைகீழ். அவர்கள் கோடைக்குப் போடும் துணியை நாம் ஓய்ந்து கிடக்கும் மாதங்களில் தைக்கலாம். எங்களிடம் இருந்தது இரண்டு லைன். வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் குழுவுக்கு லைன் என்று பெயர். இரண்டும் வருடம் முழுக்க ஓடியது டேவின் ஆர்டரால்தான். அது நின்றால் டெய்லர்கள் வேறு கம்பெனிக்குப் போவார்கள். போனவர்களைத் திரும்பப் பிடிப்பது திருப்பூரில் நடக்காத காரியம்.

"நேருல போயி ஒரு வார்த்த பேசிப்போட்டா செரியாப் போயிருங் கண்ணு" என்றார் அக்கா. அவர் கணவர் விமானம் ஏற மாட்டார். பழநி மலைக்கு மேல் உயரம் எதற்கு என்பது அவர் கட்சி. ஆக, அக்காவும் நானும் கிளம்பினோம்.

முதல் நாள், மெல்போர்ன் விமான நிலையத்திலேயே எங்களை நிறுத்திவிட்டார்கள். அக்கா டேவுக்காகப் பழநி பஞ்சாமிர்தம் டப்பா கொண்டுவந்திருந்தார். உணவுப் பொருள் சோதிக்கும் அதிகாரி ஆறடி உயரம், கைநிறைய ரோமம். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது, லவ்?" என்று கேட்டார். அங்கே வயதில் பெரிய பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

வாழைப்பழம், நெய், தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வருத்தமானது. "ஸாரி, லவ்" என்று டப்பாவை ஒரு பெரிய மஞ்சள் தொட்டியில் போட்டார்.

"சாமி பிரசாதத்தக் குப்பையில போடறாரே" என்று அக்கா பதறினார். "அவரையாச்சும் ஒரு வாய் திங்கச் சொல்லு கண்ணு."

அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை. முதல் நாளிலேயே என் வேலையில் பாதியை நான் செய்யாமல் விட்டேன்.

தங்கியது ரோட்டோரமாக வரிசையாக அறைகள் கட்டிய ஒரு மோட்டலில். நடத்துகிறவர் ஷெரில் என்ற அம்மாள். அவர் பேச்சில் எந்தச் சொல்லும் முழுசாக வராது. பிரேக்ஃபாஸ்ட் அவருக்கு ப்ரெக்கி. பிஸ்கட் பிக்கி. கொசு மோஸி. பெட்ரோல் பங்க் சர்வோ. ஜெசிந்தா என்ற என்னை ஐந்து நிமிஷத்தில் ஜாஸ் ஆக்கினார். வள்ளியம்மாள் என்று அக்காவை அறிமுகப்படுத்தியதும், "ஓ, வால்" என்றார்.

"என்னைய வாலுங்கறாங்களே" என்றார் அக்கா. பிறகு யோசித்து, "நேரம் பத்தாதாட்ட இருக்குது கண்ணு இவிங்களுக்கு. எதையுமே முழுசாச் சொல்லாம உட்டுப்போடறாங்க" என்றார்.

எனக்குத் திருப்பூருக்கு வந்த புதிது ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் ஆமா என்றால் ஆமாதான். இங்கே ஆமாங்க, சரிங்க, வேண்டாமுங்க, ஏனுங்க என்று எந்தச் சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' வந்து உட்காரும். பஸ் கண்டக்டர் என்னை இறக்கிவிடும்போதுகூட, "எறங்குங்க, எறங்கிருங்க" என்று கெஞ்சினார். சொல்லை நீட்டுகிற ஊரிலிருந்து சொல்லை நறுக்குகிற ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்று மட்டும் அப்போது நினைத்துக்கொண்டேன். விஷயம் அதைவிடப் பெரிது என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாம் நாள் காலை ஷெரில் ஒரு தட்டில் டோஸ்ட்டுடன் வந்தார். "டோஸ்ட் வேண்டுமா, வால்?"

"நோ, நோ, பரவால்லீங்க" என்று அக்கா சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்.

"நோ வொரீஸ்" என்று ஷெரில் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவின் கண் அந்தத் தட்டுக்குப் பின்னாலேயே சமையலறை வரை போனது.

இதை விளக்க வேண்டும். கொங்கு நாட்டில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இப்பத்தானுங்க சாப்பிட்டேன் என்பது அதன் முழு வடிவம். இரண்டாம் தடவை கூப்பிடும்போது கொஞ்சம் தயங்க வேண்டும். மூன்றாவது தடவை, நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னுதான் என்று உட்கார வேண்டும். எனக்கு இது தெரியாது. வந்த புதிதில் அக்கா வீட்டில் இட்லி சாப்பிடுகிறாயா என்று கேட்டதும் சரி என்று உட்கார்ந்துவிட்டேன். சமையல்கட்டில் இருந்தவர்கள் என்னை எட்டிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பழக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

மெல்போர்னில் நான் பழைய தூத்துக்குடிக்காரியாகி டோஸ்ட்டை வாங்கிக்கொண்டேன். மேலே வெஜிமைட் என்று ஒரு கறுப்புப் பசை தடவியிருந்தார்கள். மெஷினுக்குப் போடும் கிரீஸில் உப்பைக் கலந்தது மாதிரி இருந்தது. அக்காவுக்கு அது கிடைக்காமல் போனதில் எனக்கு வருத்தம் குறைந்தது.

அன்று ஊர் பார்க்க டிராம் ஏறினோம். டிக்கெட் மெஷின் உள்ளேயே இருந்தது. சில்லறை மட்டும்தான் வாங்கும். எங்களிடம் நோட்டு மட்டும்தான் இருந்தது. கண்டக்டர் என்று யாரும் இல்லை. நான் இலக்கிய ஆங்கிலத்தில் சுற்றி நின்றவர்களிடம் சில்லறைக்கு விண்ணப்பித்தேன். யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. கழுத்து வரை பச்சை குத்தி, அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்ட ஒருவன் எழுந்து வந்து, மெஷினில் காசைக் கொட்டி இரண்டு டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்தான்.

அக்கா நோட்டை நீட்டினார். "நா, யூ ரைட்" என்றான் அவன். வேண்டாம், இருக்கட்டும் என்று அர்த்தம். நீ சொல்வது சரி என்பதல்ல. அக்கா மறுபடி நீட்டினார். அவன் மறுபடி அதையே சொன்னான். அக்கா விடவில்லை. அவன் சட்டைப் பைக்குள் திணிக்கப் பார்த்தார். அவ்வளவு பெரிய ஆள் பயந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டான்.

"அவன் எறங்கற எடம் இதாக்கும்" என்றார் அக்கா. இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவன் அங்கேயே நின்று அடுத்த டிராமுக்குக் காத்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில், நாங்களே எதிர்த்திசை டிராமில் ஏறியிருக்கிறோம் என்று தெரிந்தது.

மூன்றாம் நாள் டேவைப் பார்க்கப் போனோம். புறநகரில் ஒரு கோடவுன், அதன் மூலையில் ஆபீஸ். டேவ் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். முதலாளி என்று நாங்கள் பட்டுப்புடவையும் கோட்டுமாகப் போயிருந்தோம். அவர் அரைக்கால் சட்டையில் இருந்தார். பெட்டி தூக்கும் ஆள் அவரை "டேவோ, மேட்" என்று தோழனைப்போலக் கூப்பிட்டு ஏதோ கேட்க, இவர் எழுந்து போய் அவனோடு சேர்ந்து பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு வந்தார். அக்கா என் காதில், "சொந்தக்காரப் பையனா இருக்கும்" என்றார்.

சாய விஷயத்தை எடுத்தோம். என்ன தவறு நடந்தது, பட்டறையில் இப்போது என்ன மாற்றியிருக்கிறோம் என்று நான் சொல்ல, அக்கா புதுத் துணியை ஈரமாக்கி வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. டேவ் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாட் பேட்" என்றார்.

மோசமில்லை என்று மட்டும் சொல்கிறாரே என்று அக்காவின் முகம் வாடியது. ஷெரில் தன் பேத்தி டாக்டரானதைச் சொல்லும்போதும் நாட் பேட் என்றுதான் சொன்னார் என்று நான் ஞாபகப்படுத்தினேன். அவர்களிடம் அதற்கு மேல் பாராட்டு ஸ்டாக் இல்லை.

பிறகு டேவ் இரண்டு சாம்பிள்களை மேஜைமேல் வைத்தார். கையில்லாத பனியன் ஒன்று, கைக்குழந்தைகளுக்குச் சட்டையும் கால்சட்டையும் ஒன்றாய்த் தைத்த ரோம்பர் ஒன்று. பனியனை எங்கள் ஒரு லைனிலும் ரோம்பரை இன்னொரு லைனிலும் போட்டால் ஐரோப்பா ஆர்டர் தொடங்கும் வரை கவலை இல்லை. கடல் தாண்டி வந்தது இதற்குத்தான்.

"கோடைக்கு இந்த இரண்டையும் நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, வால்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்த முகத்தோடு, "நோ, நோ, சார். வீ ஹேவ் பிளென்டி ஒர்க். லைன் ஃபுல். டோன்ட் டிரபிள்" என்றார்.

ஊரில் இதுதான் முறை. ஒருவர் வேலை கொடுக்க வந்தால் லைன் ஃபுல்லுங்க என்றுதான் முதலில் சொல்வார்கள். பின்னால் மெஷின்கள் போர்த்திக் கிடந்தாலும் அப்படித்தான். பறந்துகொண்டு வாங்கினால் இவன் சும்மா இருக்கிறான் என்று தெரிந்துபோகும். தெரிந்தால் விலையைக் குறைப்பார்கள். கொடுக்க வந்தவரும், அட நமக்கோசரம் ஒரு லைன் ஒதுக்குங்க என்பார். அப்புறம் உட்கார்ந்து பேசுவார்கள். சாப்பாட்டுக்கு உள்ள மரியாதை, தொழிலுக்கும் அப்படியே.

"ஃபேர் இனஃப்" என்றார் டேவ். "லைன் நிறைய வேலை இருப்பது சந்தோஷம். நோ வொரீஸ்." இரண்டு சாம்பிள்களையும் மடித்து டிராயருக்குள் வைத்தார்.

நான் "பட், டேவ்" என்று ஆரம்பித்தேன். மேஜைக்கடியில் அக்கா என் காலை மிதித்தார். பொறு, மறுபடி கேட்பார் என்று அந்த மிதிக்கு அர்த்தம். டேவ் எழுந்து அவர் கையாலேயே டீ போட்டுக் கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். கார் வரை வந்து வழியனுப்பினார். ஆர்டரைப் பற்றிப் பேசவில்லை.

"ஒருவேள ஊட்டுக்குப் போயி போன் பண்ணுவாராக்கும்" என்றார் அக்கா டாக்ஸியில்.

நான்காம் நாள் முழுக்க அக்கா மோட்டல் அறையில் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்திருந்த சின்ன எலெக்ட்ரிக் குக்கரில் அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கினார். போன் அடித்தால் எடுக்க வேண்டும் என்று குக்கரையும் போன் மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். போன் அடிக்கவில்லை. தாளித்த புகைக்குத் தீ எச்சரிக்கை மணி மட்டும் அடித்தது.

மணியை நிறுத்த ஓடிவந்த ஷெரிலிடம் நான் கேட்டேன்: "ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், நீங்கள் மறுபடி கேட்க மாட்டீர்களா?"

ஷெரில் துடைப்பக் கட்டையால் மணியின் பொத்தானைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "எதற்குக் கேட்க வேண்டும்? அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. மறுபடி கேட்டால், நீ பொய் சொல்கிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி ஆகாதா?"

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அக்கா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"பொய்யுன்னு தெரிஞ்சுதானே கண்ணு நம்மூர்ல மறுக்கா கேக்கறோம்" என்றார். குக்கரை மூடிவைத்தார். அன்று சாப்பிடவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் வந்தது. வந்த வழியெல்லாம் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் சொன்ன நான், காலில் ஒரு மிதி விழுந்ததும் ஏன் வாயை மூடினேன் என்று என் மேலேயும் வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டேவின் ஆபீசுக்குப் போன் செய்தால் டேவும் ஆட்களும் பக்கத்து பப்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஆர்வோவில் அந்த நாட்டில் வேலை நடப்பதில்லை. அன்று மாலையே எங்களுக்கு விமானம். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கும் அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, "வா கண்ணு, சாராயக் கடையோ என்ன கடையோ" என்று கிளம்பினார்.

உள்ளே டேவும் கோடவுன் ஆட்களும் உயரமான மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். "என்ன குடிக்கிறாய், வால்?" என்று கேட்டார் டேவ்.

அக்கா மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டேவ் சார். ஐ டோல்ட் லை. லைன் நாட் ஃபுல். லைன் எம்ப்டி. மை டெய்லர்ஸ் வில் கோ. ஐ வான்ட் ஆர்டர்."

இந்த வாக்கியங்களை அக்கா தமிழில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். கட்டிய கணவரிடம் சொல்லியிருப்பாரா என்பதே சந்தேகம். தமிழில் சொன்னால் அது கம்பெனியின் மானம், குடும்பத்தின் மானம், தறி ஓட்டிய மாமனாரின் மானம் எல்லாம் சேர்ந்தது. ஆங்கிலத்தில் அது வெறும் சொல். ஆனாலும் சொல்லி முடித்தபோது அவர் கழுத்து வியர்த்திருந்தது.

டேவ் கையிலிருந்த தம்ளரை மேஜைமேல் வைத்தார். "ரோம்பர் போய்விட்டது, வால்" என்றார். "நீங்கள் வேண்டாம் என்றதும் வேறொரு நாட்டு ஃபேக்டரியிடம் கேட்டேன். இன்று காலைதான் சரி என்றார்கள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

நான் அக்காவைப் பார்த்தேன். இந்த முறை அவர் தமிழில் சொன்னார்: "மறுக்கா ஒருக்கா கேப்பீங்கன்னு இருந்தனுங்க."

நான் அதை டேவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். டேவ் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஆட்கள் அடுத்த சுற்று வாங்க நகர்ந்ததும், குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இது ரொம்பச் சின்ன ஆர்டர், அதனால் வேண்டாம் என்கிறீர்கள் என்று நினைத்தேன். வியாபாரம் குறைந்து சில கடைகளை மூடப்போகிறேன். இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் நோ வொரீஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

நான் மொழிபெயர்த்ததும் அக்கா, "சொல்லிருங்க சார்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். டேவ் கவுன்ட்டரில் நின்ற தன் ஆட்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கையில்லாத பனியன் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு லைனுக்கு வேலை. அக்கா ஒரே சொல்லில் சரி என்றார்.

அந்த ஊரில் பப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எல்லோருக்கும் வாங்குவார், அடுத்து இன்னொருவர் எல்லோருக்கும். அதற்கு 'ஷவுட்' என்று பெயர். தன் முறை வரும்போது நழுவுகிறவனைவிடக் கேவலமானவன் அவர்கள் கணக்கில் இல்லை. எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கித் தந்திருந்தார்கள். முறை அக்காவுக்கு வந்தது. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அவர் பர்ஸைத் திறந்தார். பட்டுப்புடவையில் ஒரு அம்மாள் கவுன்ட்டரில் நின்று பீருக்குக் காசு கொடுப்பதை அந்த பப் மொத்தமும் பார்த்தது.

"வெள்ளிக்கெழம அதுவுமா" என்றார் அக்கா திரும்பி வந்து. "என்ற ஊட்டுக்காரருகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு."

திருப்பூரில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஒழிந்த லைனை என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தோம். ஊர் வழக்கப்படி செய்ய ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வேலை வந்துரும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்ல வேண்டும். டெய்லர்களும் சரிங்க என்று தலையாட்டிவிட்டு, ஒரு திங்கட்கிழமை வராமல் இருந்துவிடுவார்கள். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இப்படியே ஊர் நடக்கிறது.

அக்கா இரண்டு லைனையும் நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டார். பெரும்பாலும் எங்கள் தெற்குப் பக்கத்துக் குடும்பங்கள். வீடு வாடகை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் இந்த மெஷினை நம்பித்தான். நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

"ஆர்டரு பாதிதான் வந்துது. மீதியும் வந்திருக்கோணும், என்றனாலதான் போச்சு" என்றார் அக்கா. "ரெண்டாவது லைனுக்கு ஐப்பசி வரைக்கும் வேல இல்லீங்க. திங்கக்கெழம வருமுன்னு பொய் சொல்ல எனக்கு மனசு வல்ல. போறவங்க போங்க. எங்க போறீங்கன்னு சொல்லிப்போட்டுப் போங்க."

முதலாளி வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படவில்லை.

அக்கா அங்கேயே நின்று முதலிபாளையத்தில் தெரிந்த ஒரு கம்பெனிக்குப் போன் போட்டார். என் ஆட்களைக் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். லைன் ஃபுல்லுங்க என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது எங்களுக்கே கேட்டது. அக்கா மறுபடி கேட்டார். சற்றுத் தயங்கினார்கள். மூன்றாம் தடவையும் கேட்டார். அனுப்புங்க, நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னுதான் என்றார்கள்.

இரண்டாவது லைனில் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் தைக்கும் சுடலைமுத்துதான் முதலில் முன்னால் வந்தார். "நாங்க அங்க போறோம்க்கா. ஐப்பசிக்கு வந்துருதோம்" என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். கம்பெனியில் நான் சேர்ந்த நாளிலிருந்து, டெய்லர்கள் சொல்லிவிட்டுப் போனது அதுதான் முதல் முறை.

ஐப்பசியில் ஐரோப்பா ஆர்டர் வந்தது. போனவர்களில் பாதிக்குமேல் திரும்பி வந்தார்கள். திருப்பூரில் இது பெரிய விஷயம். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் நம்பவில்லை. சுடலைமுத்து வரவில்லை. ஒரு நாள் காலை அவரே போன் செய்தார். முதலிபாளையம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துவிட்டதாகவும், பிள்ளைகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். "இனி வரமுடியாதுக்கா" என்றார்.

அவரைப் போல ஓவர்லாக் தைக்கிற ஆள் எங்களுக்கு அதுவரை கிடைத்திருக்கவில்லை. ரிசீவரைப் பிடித்திருந்த அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"செரி கண்ணு, நல்லா இருங்க" என்றார் அக்கா. மறுபடி கேட்கவில்லை.